வால்வு சம்பந்திக்கு மூன்று நட்சத்திரம்

எங்கள் சம்பந்தியை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முப்பத்திரண்டு வருடமாகக் குழாய் வேலை செய்கிறவர். பேச்சைத் திறந்துவிட்டால் மூட முடியாது என்பதால் யாரோ வால்வு என்று வைத்தார்கள், அதுவே ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. போனை எடுத்தாலே, "வால்வு பேசுறேன், எங்க ஒழுகுது?" என்றுதான் கேட்பார்.

என் ஒரே மகளை அவருடைய ஒரே மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடியில், ஒரு அறையும் சமையலறையுமாக நாலு பேர் இருந்தார்கள். இப்போது ஐந்து பேர். ஐந்தாவது ஆள் என் பேத்தி. நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். காலையில் வேனை எடுப்பதற்கு முன்னால் அவளைப் பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்கு ஸ்டியரிங் பிடிக்கவே வரும். அவள் கொட்டாவி விடும்போது முகம் முழுக்க வாயாகிவிடும். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி மூடிக்கொண்டு என்னைப் பார்ப்பாள். இதையே எழுதிக்கொண்டு போகச் சொன்னால் போவேன். ஆனால் நான் சொல்ல வந்தது சம்பந்தி பட்ட பாட்டை.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. சுவருக்குள் எங்கோ ஒழுகுகிறது என்றால் மற்றவர்கள் சுத்தியலை எடுப்பார்கள். இவர் சுவரில் காதை வைப்பார். வீட்டில் இருப்பவர்களை எல்லாம் பேசாமல் இருக்கச் சொல்வார். அவர் வாயை மூடுவது அந்த இரண்டு நிமிடம்தான். பிறகு காதில் செருகிய பென்சிலை எடுத்து ஒரு சின்ன வட்டம் போடுவார். அந்த வட்டத்தை மட்டும் உடைத்தால் போதும், உள்ளே ஈரமாக இருக்கும்.

இப்படிக் குளியலறை குளியலறையாகக் குந்திக் குந்தி, இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய்விட்டன. தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருப்பார். படி ஏறிவிடுவார், இறங்குவதுதான் பெரும்பாடு. இது வீட்டு ஆட்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம். "குழாய்க்காரனுக்கு முட்டி போச்சுன்னா எவன் கூப்பிடுவான்? செத்தாலும் வெளிய சொல்லாதீங்க" என்று எங்களிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

பேத்திக்கு நாற்பது நாள் ஆனபோது அவருக்கு ஒரு சேதி வந்தது. ஊரின் மறுகோடியில் ஐந்து கட்டடமும் இருநூற்று நாற்பது வீடுமாக ஒரு பெரிய குடியிருப்பு இருக்கிறது. அங்கே நிரந்தரமாக ஒரு குழாய் ஆள் வேண்டும். மாதச் சம்பளம். அதோடு தரைத்தளத்திலேயே இரண்டு அறை வைத்த வீடு. இனி கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைய வேண்டாம். கூப்பிட்ட வீட்டுக்குப் போய், பார்த்து, திரும்பி வந்து தன் வீட்டில் காலை நீட்டலாம். மனிதருக்கு அதைக் கேட்டதிலிருந்து தூக்கமில்லை.

"இது மட்டும் கெடச்சா போதும் சம்பந்தி. இன்னும் பத்து வருஷம் ஓட்டிடுவேன். கெடைக்கலேன்னா இந்தக் காலை வெச்சுக்கிட்டு ஒரு வருஷம் தாங்கறதே கஷ்டம்" என்றார் என்னிடம்.

ஆனால் நேரில் போய்க் கேட்க முடியாது. வேலைக்காரர்களைத் தேடிப் பிடிக்க போனில் ஒரு பட்டியல் இருக்கிறதாம். அதில் புரொஃபைல் வைத்திருப்பவர்களில் இருந்துதான் எடுப்பார்களாம். படம் வேண்டும், செய்த வேலையின் படங்கள் வேண்டும், குறைந்தது பத்துப் பேராவது கருத்து எழுதி நட்சத்திரம் போட்டிருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், போன் விஷயம் தெரியும். நான் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். முதலில் படம். சம்பந்தி என்னுடைய நீலச் சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு, கொடியில் காய்ந்த குழந்தைத் துணிகளை ஒதுக்கிவிட்டுச் சுவரோரமாக நின்றார்.

"அப்பா, வாயை மூடுங்க."

"சிரிக்கச் சொல்லுதுடா இதுல. 'இயல்பான புன்னகை'ன்னு போட்டிருக்கு பாரு."

"அது பல்லு இருக்கிறவங்களுக்கு."

சம்பந்தியம்மா சமையலறையிலிருந்து சிரித்தார். நானும் சிரித்தேன். வால்வு வாயை இறுக மூடிக்கொண்டார். படத்தில் யாரோ அடித்துவிட்டுப் போன மாதிரி விழுந்திருந்தார்.

அடுத்தது, உங்களைப் பற்றி நாலு வரி. அவர் அரை மணி நேரம் சொன்னார். எந்த வருடம் எந்தக் கட்டடத்தில் எத்தனை எல்போ, எத்தனை கேட் வால்வு போட்டார் என்பது வரைக்கும் சொன்னார். மாப்பிள்ளை இரண்டு வரி அடித்தார்.

"நான் சொன்னதெல்லாம் எங்கடா?"

"இவ்ளோ போட்டா எவனும் படிக்க மாட்டான்பா."

"சரி, 'கை வெச்ச எடத்துல திரும்ப ஒழுகாது'ன்னாவது போடு."

"அதைச் சொல்லாதவன் யாருப்பா இருக்கான்?" என்று சொல்லிவிட்டு, போனால் போகட்டும் என்று அதைப் போட்டார்.

செய்த வேலையின் படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. யார் குழாயைப் படம் எடுத்து வைப்பார்கள்? மறுநாள் குளித்து, அதே நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் வேலை செய்த ஒரு வீட்டுக்குப் போனார். பச்சை கேட் வீடு என்று சொல்வார். வாடிக்கையாளர்களை அவருக்குப் பேரால் தெரியாது, கேட்டின் நிறத்தால்தான் தெரியும். கதவைத் திறந்த அம்மாள் முதலில் திருடன் என்றே நினைத்திருக்கிறார்.

"பாத்ரூமுக்குப் பின்னாடி போயி ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமாம்மா?" என்று கேட்டால் யார்தான் என்ன நினைப்பார்கள். வாசலிலேயே பத்து நிமிடம் நிற்க வைத்துவிட்டு, பிறகு அடையாளம் தெரிந்து உள்ளே விட்டார். குழாய் அப்படியே காய்ந்த நிலையில் இருந்ததாம், ஒரு இணைப்பில்கூடப் பாசி இல்லையாம். அந்த அம்மாள்தான் அவருக்கு முதல் கருத்து எழுதினார். ஐந்து நட்சத்திரம்.

மற்ற ஒன்பது பேருக்கு எங்கே போவது? பாதி வாடிக்கையாளர்கள் வீடு மாறிவிட்டார்கள், மீதிப் பேரின் நம்பர் அவரிடம் இல்லை. அந்தப் பட்டியலிலேயே, நல்ல புரொஃபைல் வைக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று யோசனை சொல்லியிருந்தது. அதில் ஒரு வரி, 'உங்களை நன்றாக அறிந்தவர்களிடம் கருத்து கேளுங்கள்.' மாப்பிள்ளை அதை வாசித்துக் காட்டினார். வால்வு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னை நல்லாத் தெரிஞ்சவங்க யாருடா? நம்ம வீட்டு ஆளுங்கதானே."

"அப்பா, அது வேலை குடுத்தவங்களைச் சொல்லுது."

"வேலை குடுத்தவனுக்கு என்னைப் பத்தி என்ன தெரியும்? ஒரு நாள் வந்து போறவன்" என்று சொல்லிவிட்டு, அக்கா, மனைவி, மச்சான், சித்தப்பா பிள்ளைகள், நான் என்று பதினைந்து பேருக்கு அனுப்பச் சொன்னார். தானே பேசி, குரலாகவும் ஒரு சேதி அனுப்பினார். "எல்லாரும் என்னைப் பத்தி எழுதுங்க. பொய் எழுதுனா கண்டுபிடிச்சு எடுத்துடுவாங்களாம். அதனால உள்ளதை உள்ளபடி எழுதுங்க."

முப்பது வருடமாக ஒரு மனிதரிடம் பேச வாய்ப்புக் கிடைக்காத ஆட்களிடம் போய் இப்படிச் சொன்னால் என்ன ஆகும்?

அவருடைய அக்கா ஐந்து நட்சத்திரம் போட்டார். 'நல்ல தம்பி. பத்து வயசு வரைக்கும் தினமும் படுக்கையை நனைப்பான். இன்றைக்கு ஊர் ஒழுகலை எல்லாம் நிறுத்துகிறான். பெருமையாக இருக்கிறது.' மச்சான் ஒரு நட்சத்திரம். 'சொன்ன நேரத்துக்கு வரமாட்டார். என் கல்யாணத்துக்கே பந்தி முடிந்து இலை எடுத்த பிறகுதான் வந்தார்.' சித்தப்பா பிள்ளைகளில் ஒருவன், வாங்கின டிரில்லிங் மிஷினைத் திருப்பித் தரவில்லை என்று எழுதினான். சம்பந்தியம்மா இரண்டு நட்சத்திரம். 'வேலை தெரிந்தவர். ஆனால் எங்கள் வீட்டு சமையலறைக் குழாய் நாலு வருடமாக ஒழுகுகிறது. கேட்டால் நாளைக்கு என்பார்.'

வால்வு அதைப் படித்துவிட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றார்.

"என்னடி எழுதி வெச்சிருக்க?"

"உள்ளதை எழுதச் சொன்னது யாரு?"

"ஊரே பாக்குமேடி."

"இந்த நாலு வருஷமா நான் மட்டும்தான் பாத்துக்கிட்டிருந்தேன். ஊரும் பாக்கட்டும்."

நான் எழுதியதைக் கடைசியில் சொல்கிறேன் என்று மறைத்து வைக்க எனக்கு ஆசையில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் குடியிருப்பு எங்கள் தெருவிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். அந்த வீடு கிடைத்தால் எல்லாரும் அங்கே போவார்கள். என் மகள் ஏற்கெனவே எந்த அறையில் தொட்டிலைக் கட்டுவது என்று பேச ஆரம்பித்திருந்தாள். அங்கே பூங்கா இருக்கிறதாம், ஊஞ்சல் இருக்கிறதாம். என் பேத்தியை வேறு யாரோ ஊஞ்சலில் வைத்து ஆட்டுவார்கள். நான் மாதத்துக்கு ஒரு முறை விருந்தாளி மாதிரி பிஸ்கட் வாங்கிக்கொண்டு போய், அவள் என்னை அடையாளம் தெரியாமல் அழுவதைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

அதனால் நான் வாயால் சொல்லச் சொல்ல, போனையே எழுத வைத்தேன். எனக்கு டைப் அடிக்க வராது. 'நல்ல மனிதர். கை சுத்தம். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். தயவு செய்து மாடிப்படி ஏற விடாதீர்கள், பாவம்.' மூன்று நட்சத்திரம். அந்தப் 'பாவம்' தானாக வரவில்லை. யோசித்துத்தான் சேர்த்தேன்.

இரண்டு நாள் கழித்து என் மகள் அதைப் பார்த்துவிட்டாள். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, முட்டியைப் பத்தி எதுக்குப்பா எழுதுனீங்க?"

"உள்ளதைத்தானேம்மா எழுதச் சொன்னாரு."

"அங்க தண்ணித் தொட்டி எல்லாம் மொட்டை மாடியிலப்பா. லிப்டும் கெடையாது. இதைப் படிச்சா எப்படிக் குடுப்பாங்க? போனைக் குடுங்க, நான் அழிச்சிடறேன்."

"போன் வீட்டுல சார்ஜுல கெடக்கும்மா."

போன் என் பேன்ட் பையில்தான் இருந்தது. அடுத்த நாளும் அவள் கேட்டாள், அடுத்த நாளும் வீட்டில் சார்ஜில் கிடந்தது. மூன்றாவது நாள் அவள் கேட்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு குழந்தைக்குத் துணி மாற்றப் போய்விட்டாள்.

இத்தனைக்குப் பிறகும் அந்தக் குடியிருப்பிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். பச்சை கேட் அம்மாள் எழுதியதும், இருபத்திரண்டு வருடக் குழாயின் படமும்தான் காரணம். சனிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. "நீங்களே வேன்ல கொண்டு போய் விடுங்க சம்பந்தி, பஸ் படி ஏறி எறங்கினா அங்கேயே முட்டி வீங்கிடும்" என்றார். கொண்டு போனேன்.

அலுவலக அறையில் குடியிருப்பு நிர்வாகக் குழுவின் செயலாளர் அம்மா ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்டவர், அதட்டாமலே ஆளை நிமிர வைக்கிற குரல். பக்கத்தில் குழுவைச் சேர்ந்த இரண்டு ஆண்கள். வால்வை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். நான் கதவோரம் நின்றேன். செயலாளர் அம்மா போனைப் பார்த்து எல்லாவற்றையும் சத்தமாக வாசித்தார். அக்கா எழுதியதை வாசித்தபோது இரண்டு ஆண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இப்ப நனைக்கிறதில்லையே?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லீங்க சார்" என்றார் வால்வு. மனிதர் அதற்கும் சிரித்தபடியேதான் பதில் சொன்னார், வாயை மூடிக்கொண்டு.

மனைவி எழுதியதை வாசித்ததும் செயலாளர் அம்மாவே சிரித்துவிட்டார். "எங்க வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன் வேலை தெரிஞ்சவர். எங்க வீட்டு பெல் அடிச்சு வருஷம் ஆறாச்சு. இதையெல்லாம் நான் கணக்குல எடுத்துக்கறதில்லை." வால்வுக்கு உயிர் வந்தது. தோளை இறக்கி உட்கார்ந்தார். அப்போது அந்த அம்மா அடுத்ததை வாசித்தார். வாசித்து முடித்ததும் சிரிக்கவில்லை.

"முழங்கால் எப்படி இருக்கு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைம்மா. எங்க சம்பந்தி பாசத்துல எழுதிட்டாரு. இந்தா நிக்கிறாரே, இவர்தான்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று அவர்களும் கேட்கவில்லை.

"இங்க ஒரு நாளைக்கு அஞ்சு கட்டடத்து மாடியும் ஏறி எறங்கணும். ஒரு தடவை ஏறிட்டு வாங்களேன், பார்ப்போம்" என்றார் செயலாளர் அம்மா.

நாலு தளம், அதற்கு மேல் மொட்டை மாடி. வால்வு கருவிப் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார். பையை வைத்துவிட்டுப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நாங்கள் கீழே முற்றத்தில் நின்றோம். ஒவ்வொரு தளத்தின் ஜன்னலிலும் நீலச் சட்டை தெரிந்தது. வேகமாகத்தான் ஏறினார். குழுக்காரர்களில் ஒருவர், "பரவாயில்லையே" என்றார்.

மேலே போனவர் வரவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பிறகு மொட்டை மாடிச் சுவருக்கு மேல் தலை தெரிந்தது. "அம்மா, தொட்டியில பந்து வால்வு நிக்காம தண்ணி வழிஞ்சு போவுது, வாஷர் மாத்திட்டேன்" என்று கத்தினார். அவரை யாரும் மாற்றச் சொல்லவில்லை. தண்ணீர் சத்தம் கேட்டிருக்கிறது, கை சும்மா இருக்கவில்லை.

அதன் பிறகுதான் இறங்கினார். படிக்கட்டுப் பக்கம் போய் நின்று நாங்கள் பார்த்தோம். பக்கவாட்டில் திரும்பி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படியில் இரண்டு காலையும் வைத்த பிறகுதான் அடுத்த படி. இரண்டாவது தளத்தில் நின்றார். அங்கே ஒரு வீட்டுப் பெண் கதவைத் திறந்து, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். குழுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர், "எங்கம்மாவே இதைவிட சீக்கிரம் எறங்குவாங்க" என்று மெதுவாகச் சொன்னார், ஆனால் படிக்கட்டில் அது நன்றாகக் கேட்டது. வால்வு தலை நிமிராமல் அடுத்த படியில் காலை வைத்தார்.

கீழே வந்தபோது நீலச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"வேலை தெரிஞ்ச ஆளுதான், சந்தேகமில்லை. ஆனா நாளைக்குப் படியில விழுந்தீங்கன்னா நாங்கதானே பதில் சொல்லணும்? உங்க வீட்டு ஆளே எழுதிக் குடுத்த பிறகு, தெரியாதுன்னு நாங்க சொல்ல முடியாது பாருங்க" என்றார் செயலாளர் அம்மா.

"கீழ் வீடுங்களை மட்டும் பாத்துக்கறேன்மா. மாடிக்கு வேற ஆளை வெச்சுக்கங்க. சம்பளம் பாதி குடுத்தாக்கூடப் போதும்."

"அப்படி முறை இல்லை."

வாஷருக்கு எவ்வளவு ஆச்சு என்று யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அவர் பையிலிருந்து எடுத்துப் போட்ட வாஷர்.

திரும்பி வரும்போது வேனில் சின்னப் பிள்ளைகள் உட்காரும் சீட்டில் குறுக்காக உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். ரொம்ப தூரம் பேசவே இல்லை. இத்தனை நேரம் வால்வு மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். பாலத்தைத் தாண்டும்போது சொன்னார்.

"கூடப் பொறந்தவ எழுதுனா, கட்டினவ எழுதுனா. எல்லாரும் அவங்கவங்க கோபத்தை எழுதுனாங்க. நீங்க ஒருத்தர்தான் சம்பந்தி என் ஒடம்பை நெனச்சு எழுதுனீங்க."

நான் கண்ணாடியில் அவரைப் பார்க்கவில்லை. சிக்னல் விழுந்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவங்க வேலை குடுக்கலைன்னா அது உங்க தப்பா? நாளைக்கு நான் விழுந்து கெடந்தா என் பேத்திய யாரு பாக்குறது? அதை யோசிச்சுத்தானே எழுதியிருக்கீங்க" என்றார்.

"ஆமா சம்பந்தி" என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலமே மாப்பிள்ளையை உட்கார வைத்து, எல்லாக் கருத்துக்கும் பதில் எழுத வைத்தார். பதில் எழுதினால் புரொஃபைல் மேலே வருமாம். மனைவிக்கும் மச்சானுக்கும் 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று மட்டும். எனக்கு மட்டும் நாலு வரி. சம்பந்தி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று முடித்திருந்தார். மாப்பிள்ளை அதை அடிக்கும்போது என் மகள் பக்கத்தில்தான் நின்றாள்.

அது நடந்து மூன்று வாரம் ஆகிறது. அவரை யாரும் கூப்பிடுவதில்லை. பட்டியலில் பேரைத் தட்டினால் முதலில் முழங்கால்தான் வருகிறது. அதற்குத்தான் நிறையப் பேர் 'பயனுள்ள கருத்து' என்று விரல் வைத்திருக்கிறார்களாம். காலையில் நான் போகும்போது அவர் ஜன்னலோரம் இரண்டு முட்டியிலும் வெந்நீர்த் துணியைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் இருப்பார். பேத்தி இப்போது 'ங்கா' சொல்கிறாள். என்னைப் பார்த்தால் கையையும் காலையும் உதைக்கிறாள். இரண்டு தெருதான், நடந்தால் நாலு நிமிடம்.

இன்றைக்குக் காலையிலும் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அறையில் உலாவினேன். வால்வு நாற்காலியிலிருந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"கொஞ்சம் இங்க குடுங்க சம்பந்தி. என்னால எந்திரிச்சு வர முடியலை."

"தூங்குறா சம்பந்தி. அசைச்சா முழிச்சுக்குவா" என்றேன்.

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். பேத்தி கண்ணை அகலத் திறந்து என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.